சர்க்கரைப் பசைக்கு மாறினோம், பலகை பழுப்பாக வருகிறது

கேள்வி: பாறைக் கம்பளிக்கு (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் வெப்பக்காப்புப் பொருள்) பினால்-பார்மால்டிஹைடு பசையை விட்டுவிட்டு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை, அம்மோனியம் சல்பேட் கலவைக்கு மாறினோம். மஞ்சளாக வந்த பலகை இப்போது காபி நிறத்தில் வருகிறது. கருகிவிட்டதா? நடுவில் பிய்த்தால் விரலில் ஒட்டவும் செய்கிறது.

பதில்: நிறத்துக்குப் பயப்படாதீர்கள். அது மெய்லார்ட் வினை, சூட்டில் சர்க்கரை நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்து பழுப்பாவது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதனால்தான். ஒட்டுவதுதான் கவலை, நடுப்பகுதி வேகவில்லை. அடுப்புக் காற்று 200 டிகிரியைத் தாண்டினாலும், ஈரம் ஆவியாகி முடியும்வரை பலகையின் நடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பலகைக்குள் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகி அடுப்புக்குள் அனுப்பிப் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன். லைன் வேகத்தைக் குறையுங்கள், பலகை அடுப்புக்குள் கூடுதல் நேரம் இருக்கும்.

கேட்டவர்: குறைத்தோம், இப்போது ஒட்டவில்லை. நன்றி! ஆனால் அம்மோனியா நெடி அடிக்கிறதே?

இன்னொரு பதில்: சூட்டில் அம்மோனியம் உப்பு பிரிகிறது. வெளியேறும் காற்றைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஸ்க்ரப்பர் அவசியம். அப்புறம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சி நீரைக் கவனியுங்கள். சர்க்கரை கலந்த தண்ணீரில் பாக்டீரியா சீக்கிரம் பெருகி, தெளிக்கும் நாசிலை அடைக்கும்.