ஸ்னோமொபைல் ஓயில் தாங்கிக்குள்ள பெற்றோல் மணம்: ஆரும் ஊத்தினதோ, எஞ்சினுக்குள்ளால வாறதோ?

ஆமைவேகம்:
வணக்கம். ஒன்ராறியோவில ஹாலிபர்ட்டன் பக்கம் கொட்டேஜில வச்சிருக்கிற பழைய ஸ்னோமொபைல், பனிக்கு மேல ஓடுற வண்டி. 90களின்ர கடைசி மொடல், 583 சிசி, ரெண்டு சிலிண்டர், ரோற்றரி வால்வு (சுத்துற தட்டு ஒண்டு பெற்றோல் கலவையை உள்ள விடுற வகை), தண்ணியில குளிர்ற ரூ ஸ்ரோக். ஓயிலுக்குத் தனித் தாங்கி, பம்ப் தானாக் கலக்கிற வகை. போன கிழமை ஒரு தாங்கிப் பெற்றோல் கிட்டத்தட்ட முழுக்க ஓடி முடிஞ்சுது. ஓயில் மட்டம் மட்டும் அப்பிடியே நிக்குது. மூடியைத் திறந்தா பெற்றோல் மணம், விரலில எடுத்தா ஒட்டாமல் தண்ணியா வழியுது. மச்சான்ர மகன்தான் மாறி ஊத்தியிருப்பான் எண்டு எல்லாரும் அவனைப் பிடிச்சு ஏசியாச்சு, அவன் சத்தியம் பண்ணி மறுக்கிறான். சனிக்கிழமை ஆக்கள் வருகினம். வடிச்சுப்போட்டுப் புது ஓயில் ஊத்தி ஓடலாமோ?

சட்பரி மாமா:
தம்பி, முதல்ல ஸ்ராட் பண்ணுறதை நிப்பாட்டுங்கோ. ரூ ஸ்ரோக்கில பிஸ்டனுக்கும் கிராங் பேரிங்குக்கும் எண்ணெய் இந்த ஒரு வழியாத்தான் போகுது. பெற்றோல் கலந்த ஓயிலை பம்ப் அதே அளவிலதான் தள்ளும், அதில பாதி பெற்றோல் எண்டா எஞ்சினுக்குப் பாதி எண்ணெய்தான். -25இல ரோட்டில இருந்து 20 கிலோமீற்றர் உள்ளுக்க பிஸ்டன் இறுகினா நடந்துதான் வரவேணும்.

மட்டம் இறங்காததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதையும் பாருங்கோ. பம்ப் வேலை செய்யாட்டிலும் மட்டம் இறங்காது. சராசரி 50க்கு 1 எண்டு வச்சா 40 லீற்றர் பெற்றோலுக்கு 800 மில்லிலீற்றர் ஓயில் போயிருக்கவேணும். திறொட்டிலை இழுக்க பம்பில இருக்கிற லீவரும் சேர்ந்து அசையுதோ? ஐடிலில, அதாவது திறொட்டிலை இழுக்காமல் விட்டா, லீவர்க் கோடும் பம்ப் உடம்பில இருக்கிற கோடும் நேர நிக்குதோ? வயர் கழண்டிருந்தா கதை வேற.

கோப்பாய்க் காத்து:
ஒரு மட்டையில கொஞ்சம் ஊத்தி நெருப்புக்குச்சி வச்சுப் பாருங்கோ அண்ணை. பக்கெண்டு பிடிச்சா பெற்றோல்தான்.

சட்பரி மாமா:
ஐயோ, இதை ஆரும் செய்யாதேங்கோ! கனபேற்ற கராச்சில காஸ் ஹீற்றர் நிக்கும், அதின்ர பைலற் நெருப்பே காணும். அதோட ரூ ஸ்ரோக் ஓயிலே சுத்த எண்ணெய் இல்லை. குளிரில ஓடவும் பெற்றோலோட லேசாக் கலக்கவும் எண்டு அதுக்குள்ள கரைப்பான் சேர்த்துத்தான் போத்தலில வருது. புதுப் போத்தலை மணந்து பாருங்கோ, மண்ணெண்ணெய் மாதிரித்தான் இருக்கும். மணத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கேலாது.

செய்யிறதெண்டா வெளியில வச்சு இப்பிடிச் செய்யுங்கோ. அதே ரகப் புது ஓயிலில ஒரு சொட்டு, தாங்கியில எடுத்ததில ஒரு சொட்டு, ரெண்டையும் ஒரு வெள்ளை மட்டையில பக்கம் பக்கமா விடுங்கோ. ரெண்டும் ஒரே குளிரில நிண்டிருக்கவேணும். புதுசு குவிஞ்சு நிண்டு மெள்ள மெள்ள ஊறும். பெற்றோல் கலந்தது உடன பரவி, ஓரத்தில மெல்லிய வளையம் போட்டு, அந்த வளையம் காய்ஞ்சு போகும். நடுவில எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சும். பால் மாதிரி வெளிறிக் கிடந்தா அது பெற்றோல் இல்லை, தண்ணியோ கூலன்ரோ. அதுக்கு வேற ஒரு சீல், அதாவது ஒண்டோடொண்டு கலக்காமல் தடுக்கிற இறப்பர் அடைப்பு, அதைப் பாக்கவேணும்.

ஆமைவேகம்:
லீவர் சரியா அசையுது, கோடும் நேர நிக்குது. மட்டையில நீங்கள் சொன்ன மாதிரியே வளையம் வந்தது. பால் நிறம் இல்லை. அப்ப பெடியன் பொய் சொல்லுறானோ?

பழைய இரும்பு:
பொறுங்கோ, அவனைப் பேசிறதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. எஞ்சினைக் கழட்ட முதல் ஒரு கேள்விக்குத்தான் விடை வேணும்: ஒருக்கா ஊத்தினதோ, நெடுகலும் வாறதோ? ரோற்றரி வால்வு எண்டபடியா ரெண்டாவதுக்கும் இடம் இருக்கு.

ஓயில் தாங்கியில இருந்து பம்புக்கு ஒரு குழாய் போகும். அதைவிடத் தடிச்ச குழாய் ரெண்டு எஞ்சினின்ர நடுவுக்குப் போகும். அது வால்வுத் தட்டைச் சுத்துற தண்டுக்கும் அதின்ர கியருக்கும் எண்ணெய் குடுக்க. அந்தக் கியர் அறைக்கும் கிராங்கேசுக்கும் (பிஸ்டனுக்குக் கீழ கிராங் சுத்துற அறை) நடுவில நிக்கிறது சீல்தான். பழசாகி அது தேய்ஞ்சா ரெண்டு பக்கமும் போகும். வண்டி சும்மா நிண்டா தாங்கி மேல இருக்கிறதால ஓயில் கீழ கிராங்கேசுக்குள்ள இறங்கும். அடுத்தநாள் ஸ்ராட் பண்ண ஊரே தெரியாத புகை. ஓடேக்க கிராங்கேஸ் அமுக்கம் பெற்றோல் கலவையைத் தாங்கிப் பக்கம் திருப்பித் தள்ளும். உங்கட வண்டி காலமை முதல் ஸ்ராட்டில அளவுக்கு மிஞ்சிப் புகைக்கிறதோ?

ஆமைவேகம்:
ஓம், கொஞ்ச நேரம் முன்னால நிக்கிற ஆளைத் தெரியாது. பழசெண்டா அப்பிடித்தான் எண்டு விட்டுட்டம்.

பழைய இரும்பு:
அப்ப சீல் பக்கம்தான் எனக்குச் சந்தேகம். ஓயிலை முழுக்க வடியுங்கோ, குழாய், பில்ற்றர் எல்லாத்திலயும் மிஞ்சினதையும் சேர்த்து. தாங்கியின்ர அடியில இருக்கிற இறப்பர் வளையத்தையும் பாருங்கோ, பெற்றோல் பட்டா ஊதிப்போய் ஒழுகும். அதைப் புதுசா மாத்துங்கோ, விலை பெரிசில்லை. புது ஓயில் ஊத்தி பம்பில இருக்கிற காத்து ஸ்குறூவைத் தளர்த்தி குமிழ் போற வரைக்கும் விடுங்கோ. பெற்றோல் தாங்கியிலயும் 50க்கு 1 கலவை இருக்கட்டும், 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். பம்ப் இன்னும் காத்து இழுத்தாலும் அது எஞ்சினைக் காப்பாத்தும்.

பிறகு வண்டியை இழுக்கிற பெல்ற்றைக் கழட்டிப்போட்டு ஐடிலில மட்டும் விட்டு, கராச்சுக்கு வெளியில வச்சு, ஓயில் தாங்கிக்குள்ள ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. குமிழ் விடாமல் வந்தா ஆரும் ஊத்தேல்லை.

கோப்பாய்க் காத்து:
சீல் எண்டா எஞ்சினை ரெண்டாப் பிரிக்கவேணும். அந்தக் காசுக்கு வேற வண்டி வாங்கலாம்.

பழைய இரும்பு:
எந்தச் சீல் எண்டு தெரியாமல் அப்பிடிச் சொல்லேலாது. தட்டுப் பக்கம் இருக்கிற சீல் எண்டா தண்டைக் கழட்டி மாத்தலாம். கிராங்கின்ர நடுச் சீல் எண்டாத்தான் கிராங்கேஸைப் பிரிக்கவேணும், அது பெரிய வேலை.

பிரிச்சுப் பாக்காமலே கண்டுபிடிக்கலாம். கார்புரேற்றரையும் ரோற்றரி மூடியையும் கழட்டி, தட்டையும் எடுத்துவிடுங்கோ. தட்டு எந்தப் பல்லில நிண்டதெண்டு முதலே அடையாளம் போட மறக்கவேண்டாம், மாறிப் பூட்டினா வால்வு நேரம் பிழைக்கும். கியர் அறைக்குப் போற தடிச்ச குழாயில ஒண்டை அடைச்சு, மற்றதில மீற்றர் உள்ள கைப்பம்பால 5 பிஎஸ்ஐ அமுக்கம் ஏத்துங்கோ. கூட ஏத்தினா நல்ல சீலும் போயிடும். தண்டைச் சுத்தி சோப்புத்தண்ணி அடியுங்கோ. நுரை வந்தா தட்டுப் பக்கச் சீல். நுரை இல்லாமல் மீற்றர் முள்ளு இறங்கினா பிளக்கைக் கழட்டி ஓட்டையில காது வையுங்கோ. எந்தச் சிலிண்டருக்குள்ள இரையுதோ அந்தப் பக்க நடுச் சீல்.

ஆமைவேகம்:
ஐடிலில குமிழ் வந்துகொண்டே இருந்தது, சட்டியில சோறு கொதிக்கிற மாதிரி. பிறகு இங்க ஒரு தெரிஞ்ச அண்ணையின்ர கைப்பம்பை வாங்கி அமுக்கமும் பிடிச்சுப் பாத்தம். தண்டின்ர அடியில ஒரே இடத்தில சோப்பு நுரை வளர்ந்து வளர்ந்து உடையுது. துடைச்சுவிட்டுத் திருப்பி அடிச்சாலும் அதே இடம்தான். பிளக் ஓட்டையில சத்தம் ஒண்டும் இல்லை. சீலும் ஓ-றிங்கும் ஓடர் பண்ணியாச்சு. சனிக்கிழமை வண்டி ஓடாது, வாற ஆக்களுக்குக் கொத்துரொட்டிதான்.

சட்பரி மாமா:
நல்லது. தண்டைக் கழட்டேக்க மறுமுனையில தண்ணிப் பம்ப் சீலும் இருக்கும், அதையும் சேர்த்து மாத்திவிடுங்கோ. அது போனா முதல் சொன்ன அந்தப் பால் நிறம் வரும். பூட்டி முடிச்ச பிறகு திருப்பியும் அதே அமுக்கத்தைப் பிடிச்சுப் பாத்துப்போட்டே ஓயில் விடுங்கோ.

ஆமைவேகம்:
வடிச்ச ஓயிலை என்ன செய்யிறது? ஒரு கலன் நிறைய இருக்கு.

சட்பரி மாமா:
பனியில ஊத்தாதேங்கோ, எரிக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓயில் எடுக்கிற கடையளும் பெற்றோல் கலந்ததெண்டா வாங்காது. மூடி இறுகின கலனில விட்டு, மேல "பெற்றோல் கலந்த ஓயில்" எண்டு எழுதி, நகரசபை ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ. குளிர்காலத்தில சில இடங்கள் குறிச்ச நாளில மட்டும்தான் திறக்கும், போக முதல் ஒரு கோல் எடுங்கோ.

கோப்பாய்க் காத்து:
பெடியனுக்கு என்ன சொன்னியள் அண்ணை?

ஆமைவேகம்:
கொத்துரொட்டியில அவனுக்கு ரெண்டு முட்டை.