லூப்புக்குள்ள (கல்லுப் பாக்கிற சின்னப் பூதக்கண்ணாடி) கண்டதைச் சொல்லேலாமல் நிண்ட கதை ஆரிட்டயும் இருக்கோ?

கன்னாதிட்டிப் பெடியன்:
மொய்சனைட் எண்டது வைரம் மாதிரியே மினுங்கிற வேற கல்லு எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் பின்னேரத்தில நிக்கிற நகைக்கடைக்குக் கனடாவில இருந்து வந்த ஒரு அக்கா மோதிரம் சின்னதாக்கக் கொண்டந்தவா, மாப்பிள்ளை போட்டதாம், ஒரு கரட் வைரமாம். முதலாளி பேனை மாதிரி இருக்கிற டெஸ்டரை வச்சார், கீக் எண்டு கத்திச்சுது, அவாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அது சூடு கடத்திறதை மட்டும்தானே பாக்குது, மொய்சனைட்டுக்கும் கத்தும். நான் சும்மா லூப்பை எடுத்து மேல்முகத்தால பாத்தன், ஒண்டுமில்லை. கொஞ்சம் சரிச்சுப் பக்கத்துப் பட்டையால பாத்தா அடியில இருக்கிற விளிம்பெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது! வைரத்தில அப்பிடி வரவே வராது. முதலாளி மேசைக்குக் கீழால காலை மிதிச்சார். "என்ன தம்பி, ஏதும் பழுதோ?" எண்டு அவா கேக்க, "ஊத்தை பிள்ளை, கழுவித் தாறம்" எண்டு அவரே சொல்லிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறேல்லை.

கல்லுப் படிக்கிறவள்:
முதலாளி செய்ததில என்ன பிழை? அவா கல்லுச் சோதிக்கவோ வந்தவா? எனக்கு மாமி வீட்டை நடந்தது. மாமா இரத்தினபுரியில வேலை செய்யேக்க வாங்கின நீலக்கல்லாம், பதிக்காத கல்லு. தண்ணிக் கிளாசுக்குள்ள போட்டு வெள்ளைப் பேப்பருக்கு மேல வச்சுப் பாத்தா நீலம் வளைஞ்சு வளைஞ்சு வரியா ஓடுது. இயற்கைக் கல்லில நேராப் போய் மூலையில திரும்பும், வளையாது. சுவாலையில உருக்கிச் செயற்கையா எடுத்த கல்லு அது. கல்லுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு வளையுது எண்டு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில வச்சாலும் இயற்கைக் கல்லின்ர அதே 1.762, 1.770 தான் காட்டும், ரெண்டும் கொரண்டம் எண்ட ஒரே கனிமம் தானே. "சிலோன் நீலம் தானே பிள்ளை?" எண்டு மாமி கேட்டவா. "வடிவான கல்லு மாமி" எண்டிட்டு தேத்தண்ணியைக் குடிச்சன்.

பத்தர் மகன்:
ரெண்டு பேரும் கொழுவாதேங்கோ. என்னட்டயும் அம்மம்மான்ர பழைய தோட்டைக் கொண்டந்து "என்ன கலர்" எண்டு ஒராள் நிண்டவர், அது அடி மூடிப் பதிச்ச தோடு, என்னத்தைச் சொல்லுறது. தம்பிக்கு ஒண்டு சொல்லுறன், பதிச்ச கல்லுக்குக் கலர் சொல்ல வெளிக்கிடாதேங்கோ, பவுணின்ர மஞ்சள் கல்லுக்குள்ள அடிக்கும். கழட்டி, நல்லாத் துடைச்சு, வெள்ளைத் தட்டில கவிட்டு வச்சுப் பக்கத்தால பாக்கோணும், ஒப்பிட்டுப் பாக்கக் கலர் தெரிஞ்ச மாஸ்டர் கல்லு பக்கத்தில இருக்கோணும். நிறமில்லாத டீயில (D) இருந்து மஞ்சளடிக்கிற இசட் (Z) வரைக்கும் எண்டு ஜிஐஏ எண்ட அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனம் 1953இல கொண்டுவந்த முறை, அதில ஈக்கும் எஃப்புக்கும் வித்தியாசம் மாஸ்டர் கல்லில்லாமல் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. கலர் சட்டை போடாதேங்கோ, அதுவும் கல்லில விழும். கண் களைச்சா விட்டிட்டுப் பிறகு பாருங்கோ. கிளாரிட்டி, அதான் கல்லுக்குள்ள குறை இருக்கோ எண்டு பாக்கிறது எண்டா பத்து மடங்கு லூப்போட நிப்பாட்டுங்கோ, அதுக்கு மேல பெருப்பிச்சா எந்தக் கல்லிலயும் குறை தெரியும்.

கன்னாதிட்டிப் பெடியன்:
அண்ணை, நான் கலர் கேக்கவே இல்லையே 😄

கோண்டாவில் காரன்:
ரெட்டை விளிம்பு கண்டிட்டன் எண்டு சந்தோசப்படாதேங்கோ தம்பி. லாப்பில வளத்த வைரம் வந்தா என்ன செய்வியள்? பேனையும் கத்தும், விளிம்பும் ஒண்டாத்தான் தெரியும், ஏனெண்டா அதுவும் வைரம் தான். போன மாசம் ஒராளின்ர தோட்டை அரை மணித்தியாலம் பாத்திட்டு "கொழும்பில லாப்புக்குக் குடுங்கோ" எண்டன், மனிசன் கோவிச்சுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போட்டார், அங்க ரெண்டு நிமிசத்தில "அசல்" எண்டு சொல்லிட்டாங்களாம்.