கொங்கோவுக்குச் சிலுவையைக் கொடுத்தது யார்?

வடகரையான்: போன வாரம் இந்த மன்றத்தில் ஒருவர், ஆப்பிரிக்காவின் பழைய கொங்கோ இராச்சியத்தைப் பற்றி எழுதினார், "கப்புச்சின் துறவிகள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கொங்கோ மக்களுக்குச் சிலுவை தெரியும்" என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கப்புச்சின்கள், அதாவது அந்தக் கத்தோலிக்கத் துறவிகள், அங்கே போய்ச் சேர்ந்தது 1645. கொங்கோ மன்னர் ன்சிங்கா அ ன்குவு ஞானஸ்நானம் பெற்றது 1491. நடுவில் நூற்றைம்பது வருஷத்தை முழுங்கலாமா? அதற்கும் முன்பே ஒன்றையொன்று வெட்டும் ரெண்டு கோடு அவர்களுடைய குறி. படுக்கைக்கோடு தண்ணீர். மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே இறந்தவர்கள். சிலுவைக்குறி முன்பே இருந்தது.

அந்தோனியார் அடியேன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ரெண்டு கோடு போட்டால் சிலுவையா? அதில் ஆண்டவர் எங்கே?

வடகரையான்: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கொங்கோப் பித்தளைச் சிலுவைச் சுரூபத்தைப் பாருங்கள். ஆண்டவர் முகமே கொங்கோ முகம். மேலே கைகூப்பியிருக்கும் குட்டி உருவங்கள் எந்த ரோமாபுரியிலிருந்து வந்தன? வார்த்தவர்கள் உள்ளூர்க் கன்னார். சிலுவைக்குறி முன்பே இருந்ததால்தான் ஊர்த்தலைவர்கள் அதை அதிகாரச் சின்னமாகக் கையில் எடுத்தார்கள்.

தெற்குவீதி: ஒரு நிமிஷம். வெறும் சிலுவைக்குறி வேறு, ஆண்டவர் அறையப்பட்ட பாடுபட்ட சுரூபம் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அந்தோனியார் அடியேன்: மாதிரி காட்டியது யார்? துறவிகள்தானே! கப்புச்சின் துறவி பெர்னார்தினோ த'அஸ்தி 1750 வாக்கில் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் இல்லையென்றால் அந்த ஊர்க் கோயில், ஆட்டம் எல்லாம் உங்கள் கண்ணில் பட்டிருக்குமா?

வடகரையான்: வரைந்தவரைச் சொல்வீர்கள், கொளுத்தியவர்களைச் சொல்ல மாட்டீர்கள். யோரிஸ் வான் கீல் என்ற கப்புச்சின் 1652ல் ஊரார் சாமிப் பொருட்களை எரிக்கப் போய்த்தான் அடிபட்டு இறந்தார்.

பழைய வாசகன்: அது காங்கோ. கொங்கோ என்று எழுதுவது இலங்கை வழக்கம்.

வடகரையான்: இலங்கை வழக்கம் என்றால் மட்டமா? அந்த இராச்சியத்தின் தலைநகர் ம்பன்சா கொங்கோ இன்று இருப்பது அங்கோலாவில். முதலில் வரைபடம் பாருங்கள்.

அந்தோனியார் அடியேன்: இதே மன்றத்தின் எத்தியோப்பியா இழையில் வாயடைத்துப் போன கோபத்தை வடகரையான் இங்கே தீர்க்கிறார்.

வடகரையான்: அங்கே பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். அடியேன் என்று பெயர் வைத்தவர் இதையும் கேளுங்கள். புனித அந்தோனியார் தன்மேல் இறங்கினார் என்று சொன்ன கொங்கோப் பெண் கிம்பா வித்தாவை 1706ல் உயிரோடு எரித்தார்கள், கப்புச்சின்கள் துணை நின்றார்கள். அதே மண்ணில்தான் பித்தளையிலும் தந்தத்திலும் அந்தோனியாரைச் செய்தார்கள். அந்தக் கையையும் துறவிகளா கொடுத்தார்கள்?

அந்தோனியார் அடியேன்: பேச்சை மாற்றாதீர்கள். ஆண்டவர் எங்கே என்று கேட்டேன்.

தெற்குவீதி: நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

வடகரையான்: சிலுவைக்குறி முன்பே இருந்தது. மறுக்க முடியுமா, முடியாதா?