சுங்கை சிப்புட், மலேசியா: செம்பனை எண்ணெய் மில் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வெற்றுக் குலை நார் போதுமா?

தோட்டத்து மகள்:
மில்லுக்குக் கீழே ஓடும் கால்வாய் கறுத்துக் கிடக்கிறது. 100 டன் செம்பனைக் குலை அரைத்தால் பழம் உதிர்ந்த வெற்றுக் குலை 20 டன்னுக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த நாரைக் காரக் கரைசலில் ஊறவைத்து, கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட்டோடு சேர்த்து மணிகளாக்கினால் ஈயம், காட்மியம், சாயம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆய்வகங்களில் செய்து காட்டியதுதான். இங்கே ஏன் யாரும் கேட்பதில்லை?

குளத்துக்காரன்:
கேட்கலாம் தங்கச்சி. ஆனால் மில் கழிவில் பெரிய தொல்லை ஈயமா? எண்ணெயும் சக்கையும்தான். மில்லின் கழிவுநீர்க் குளத்துக்குள் வரும்போது பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விட, செம்பனை மில்களுக்கான 1977 விதிகளின்படி பொதுவான வரம்பு 100. அந்தக் கழிவைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள், அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். தூர் வாராத குளத்தில் சேறு ஏறிவிட்டால் தண்ணீர் அத்தனை நாள் தங்காது, அரைகுறையாக வெளியே ஓடிவிடும். அதில் மணியைப் போட்டால் எண்ணெய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

தோட்டத்து மகள்:
சரி அண்ணே, குளம்தான் முதல் வேலை. ஆனால் வரம்புக்குள் வந்த தண்ணீரும் தேநீர் நிறத்தில்தானே போகிறது? செம்பனைக் கொட்டை ஓட்டில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரி அந்த நிறத்தை இழுக்குமே. அந்தக் கொட்டை ஓடு நம் மில்லிலேயே கிடைக்கிறது.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கார்பன் இழுக்கும். பச்சை நாரை அப்படியே போட்டுவிடாதீர்கள், அதிலிருந்து கசிவதே பி.ஓ.டி.யை ஏற்றும். மணிகள் பொருந்துவது முலாம் பட்டறை, சாயப் பட்டறைக் கழிவுக்கு. உலோகத்தைப் பிடிப்பவை நாரிலும் ஆல்ஜினேட்டிலும் உள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் என்ற வேதித் தொகுதிகள். தண்ணீர் அமிலமானால் ஹைட்ரஜன் அயனி அந்த இடத்தை எடுத்துக்கொள்ள, உலோகம் திரும்ப வெளியேறும். அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்த முடிவது அதனால்தான். நிறைந்த மணியைக் குப்பைமேட்டில் எறிந்தால் ஈயம் மண்ணுக்குப் போவதும் அதனால்தான். நிறம் மட்டும் பிடித்த கரியை பாய்லரில் எரிக்கலாம். உலோகம் ஏறியதை எரிக்கவே கூடாது.

குளத்துக்காரன்:
என் பயம் வேறு வாத்தியாரே. கரி வைத்தால் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அதைக் காட்டியே தூர் வாரும் செலவை வெட்டிவிடுவார்கள்.

தோட்டத்து மகள்:
அதற்காகக் கால்வாய் இப்படியே கிடக்கட்டுமா? கடைசிக் குளத்து வாயில் ஒரு டிரம் கரி வைத்து, முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதிக்கும்படி மில்லுக்கு மனு எழுதுகிறேன். தூர் வாருவதையும் அதே மனுவில் சேர்க்கிறேன். கையெழுத்துப் போடுவீர்களா அண்ணே?

குளத்துக்காரன்:
தூர் வாருவது முதல் வரியில் இருந்தால் போடுகிறேன்.