ஏற்காட்டில் கம்ப்யூட்டரை ராத்திரி அணைக்கணுமா, ஸ்லீப்பில் விடலாமா?

ஏற்காட்டான்:
டெஸ்க்டாப், 600 விஏ யுபிஎஸ். கரண்ட் அடிக்கடி போகும், சித்திரையில் இடியும் உண்டு. தினம் அணைத்தால் ஹார்ட் டிஸ்க் கெடுமா?

அஸ்தம்பட்டி:
கெடாது. தினம் ஒருமுறை நிறுத்திப் போடுவதெல்லாம் டிஸ்க்குக்குப் பெரிய விஷயமே இல்லை. கணக்கைப் பாருங்க: சும்மா ஓடும் பெட்டி 60 வாட் என்றால் நாளுக்கு 1.44 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 86 யூனிட். ஸ்லீப்பில் 2 வாட் என்றால் மூணு யூனிட்தான்.

ஆனா ஸ்லீப்பில் திறந்த வேலை ரேமில் (கரண்ட் இருக்கும்வரைதான் நிலைக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கு. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தா சேமிக்காதது போச்சு. உங்க ஊருக்கு ஹைபர்னேட்தான் சரி. எல்லாத்தையும் டிஸ்க்கில் எழுதிட்டு அணையும்.

மலைக்காரன்:
இடிக்கு யுபிஎஸ்ஸை நம்பாதீங்க. சுவிட்சை அணைப்பதும் போதாது, பிளக்கையே பிடுங்கணும். பலர் மறப்பது லேன் கேபிள்! மோடத்துக்குச் செம்புக் கம்பி வந்தா அது வழியாவும் மின்னல் பாய்ந்து மதர்போர்டைச் சுட்டுடும். இடி தொடங்கும் முன்னாடியே கழற்றுங்க, நடுவில் தொடாதீங்க.

அஸ்தம்பட்டி:
ஒண்ணு விட்டுப்போச்சு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் தொடங்க வைக்கும் வசதி) இருந்தா ஷட்டவுன் முழுசா நடக்காது. கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, அணையாம டிஸ்க்கில் சேமிப்பாகும். கம்ப்யூட்டர் தடுமாறினா ரீஸ்டார்ட் கொடுங்க, ஷட்டவுன் உதவாது. பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துடலாம்.

ஏற்காட்டான்:
பிளக்கைப் பிடுங்கியே வெச்சா தேதி மாறிடுது?

மலைக்காரன்:
மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கு. மாத்திட்டு பயாஸில் (விண்டோஸுக்கு முன்னாடி வரும் அமைப்புத் திரை) நேரம் வையுங்க.