செபார்டிக் ராபிகளை எப்படிப் பகுப்பது?

நண்பர்களே, விக்கிப்பீடியாவில் யூத ராபிகள் (மதகுருக்கள்) பற்றிய கட்டுரைகளுக்குப் பகுப்பு சேர்க்கும்போது "செபார்டிக் ராபிகள்" (ஸ்பெயின், போர்ச்சுகல் யூத மரபைச் சேர்ந்தவர்கள்) என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன், யாராவது உதவுங்கள். ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து 1204-இல் எகிப்தில் இறந்த மைமோனிடிஸ், சரி, அவரில் குழப்பமே இல்லை. ஆனால் ஓவாதியா யோசேஃப் 1920-இல் பாக்தாத்தில் பிறந்தவர், 1973 முதல் 1983 வரை இஸ்ரேலின் செபார்டிக் தலைமை ராபியாக இருந்தவர். அவரை மிஸ்ராகி (மத்திய கிழக்கு யூதர்) பகுப்பில் போடுவதா, செபார்டிக்கிலா, இரண்டிலுமா? அப்புறம் ஆஷெர் பென் யெகியேல் தலைகீழ்: பிறப்பால் ஜெர்மனிக்காரர், அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபினர்), ஆனால் ஸ்பெயினின் டொலேடோவில் ராபியாக இருந்து அங்கேயே இறந்தார். பூர்விகத்தைவிட வழிபாட்டு மரபை வைத்துப் பிரிப்பதே நல்லது என்று தோன்றுகிறது, பிறந்த ஊருக்குத்தான் தனிப் பகுப்பு இருக்கிறதே. அப்படிச் செய்தால் ஆஷெரை எங்கே வைப்பீர்கள்?