மறு: ஹைப்பர்பாரிக் ஆக்சிஜனுக்குத் தமிழ்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
வணக்கம். வயிற்றுப்புண்ணுக்கு ஹைப்பர்பாரிக் ஆக்சிஜனும் ஆன்டிஆக்சிடன்ட்டும் சேர்த்துக் கொடுப்பது பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன், சொற்களுக்கு உதவி வேண்டும். சோவியத் மருத்துவர்கள் தொடங்கிவைத்த வேலை. வெள்ளிக்குள் தர வேண்டும். மூடிய அறையில் காற்றழுத்தத்தை ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். 'உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை' என்று எழுதினேன். அதைப் படித்துப்பார்த்த என் அக்கா, "பிரஷருக்கா?" என்கிறார்.

கோவை:
மிகையழுத்த உயிர்வளி மருத்துவம். தொல்காப்பியமே 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்கிறது. 'வளி' இருக்க, ஆக்சிஜன் என்ற சொல் எதற்கு?

யாழ்ப்பாணம்:
அது பேச்சொலி பிறக்கிற காற்று, ஐயா. குறளில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்பதில் வளி வாதம். உயிர்வளி என்றால் நோயாளி வாயுத்தொல்லை என்று நினைப்பார். நாங்கள் ஒட்சிசன் என்றுதான் படித்தோம், ஒரு குறையும் இல்லை. அளந்து கொடுக்கும் அழுத்தத்தை 'மிகை' என்பதும் சரியில்லை.

சித்த மருத்துவர், மதுரை:
புண்ணை விட்டுவிட்டீர்களே! சித்த மருத்துவத்தில் வயிற்று நோய்க்குக் குன்மம் என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பெப்டிக் அல்சர்'; பெப்டிக் கிரேக்கத்தில் சமைத்தலும் செரித்தலும். நம்மிடமும் சமை, சமி (செரி). அடுதலும் சமைத்தல்தான், ஆகவே 'அடுபுண்' எனலாம்.

மருத்துவர், திருச்சி:
குன்மம் எட்டு வகை, ஐயா. எண்டோஸ்கோப்பியில் பார்க்கிற முன்சிறுகுடல் புண் அதில் எது? வயிற்றுப்புண்ணே இருக்கட்டும்.

சிக்கல் ஆன்டிஆக்சிடன்டில். 'எதிர் ஆக்சிஜனி' என்று போட்டால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறார்களா என்று கேட்பார்கள். அழுத்தத்தில் ஆக்சிஜன் இரத்த நீரிலேயே கூடுதலாகக் கரைந்து, ஓட்டம் குறைந்த புண் விளிம்புக்கும் போகிறது. கூடவே ஃப்ரீ ராடிக்கல்கள் எனும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளும் பெருகித் திசுவைக் கெடுக்கலாம். வைட்டமின் சி, இ அதைக் கட்டுப்படுத்தத்தான். ஆகவே 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி'. (ஃப்ரீ ராடிக்கலுக்குப் பாடநூலின் 'தனி உறுப்பு' வேண்டாம், கிட்னி என்று நினைப்பார்கள்.)

அப்புறம், ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: இது வழக்கமான சிகிச்சை இல்லை. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும், வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகு, அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும்தான். அழுத்த ஆக்சிஜன், ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்பவருக்கு வரும் நோய்க்கும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் பயன்படுவது.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. 'அழுத்த அறை ஆக்சிஜன் சிகிச்சை', 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி'. அடுபுண்ணுக்கு மன்னிக்கவும். நான்கு பேர் கருத்தும் கேட்டாயிற்று, அனுப்பப் போகிறேன்.

கோவை:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் படுக்கிற கண்ணாடிக் குழாயும் உண்டு. அதுவும் அறையா?